கைராசி டாக்டரும் பரங்கிப்பேட்டைப் பிள்ளையின் இடுப்பும்

எலும்பு வைத்தியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் ஆறுதல். எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் முறுக்குவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்; தெரியாவிட்டாலும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்லப் போகும் வியாதி போனில் கிடைக்காது. நோயாளிக்கும் வராது, டாக்டருக்குத்தான் வரும். நம் ஊரில் அதற்குக் கைராசி என்று பெயர்.

எனக்கு அது கடலூரில் வந்தது. மரவாடி முதலாளி ஒருவரின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் ஆபரேஷன் செய்தேன். எந்த எலும்பு டாக்டரும் செய்கிற ஆபரேஷன்தான். ஆனால் அந்த அம்மாள் பெரிய பிடிவாதக்காரர். படுக்கையில் கிடக்க மாட்டேன் என்று மருமகளைத் திட்டிக்கொண்டே எழுந்து நடந்து, அந்த வருஷத் தேருக்குப் போய் முன்வரிசையில் நின்றுவிட்டார். நடந்தது அவர் பிடிவாதத்தால், பேர் கிடைத்தது என் கைக்கு. அதற்குப் பிறகு ஊரில் எந்தப் பெரியவர் விழுந்தாலும், அவர் கை வைத்தால் நடந்துவிடுவார்கள் என்று சொல்லி என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். செம்மண்டலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் புது பைக் வாங்கினார். காலையில் வந்து கதவைத் தட்டி, சாவியை என் கையில் கொடுத்து, ஒரு தடவை நீங்கள் ஸ்டார்ட் பண்ணித் தாருங்கள் என்றார். பண்ணிக் கொடுத்தேன். மறு வாரம் அந்த பைக் அவரோடு சேர்ந்து சாக்கடையில் இறங்கியது. அதை மட்டும் யாரும் என் கைராசியில் சேர்க்கவில்லை.

சிரிக்காதீர்கள். உங்களில் சிலருக்கும் இந்த வியாதி வரும். வந்தால் சுகமாகத்தான் இருக்கும், அதுதான் வம்பே.

சுனாமி வந்த அமளி அடங்கி இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. அப்போது நான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு நாள் காலை, பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் நஸ்ரின். சுனாமிக்குச் சில வாரம் முன்னால் பிறந்தவள். அவளோடு அவளுடைய உம்மாவும், உம்மாவின் அண்ணன் சாதிக்கும் வந்திருந்தார்கள். சாதிக் பரங்கிப்பேட்டை கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்தவர். பேசும்போது கையில் ஒரு போன், சட்டைப் பையில் ஒரு போன், இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கும். குழந்தையின் வாப்பா துபாயில் வேலை.

அவர்கள் உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நஸ்ரின் வாசலிலிருந்து என் மேஜை வரைக்கும் நடந்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வீட்டில் அதை யாரும் வியாதியாகப் பார்க்கவில்லை. ராணி மாதிரி அசைந்து அசைந்து நடக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கொஞ்சியிருக்கிறார்கள். பிறந்த புதிதில் இடுப்பைப் பிடித்துப் பார்க்கவேண்டிய நேரத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. அப்புறம் எந்தக் குழந்தையின் இடுப்பை யார் பார்ப்பது? தைக்கிற பேண்டில் ஒரு கால் மட்டும் எப்போதும் தரையில் இழுபடுகிறதே என்று உம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. தையல்காரரிடம் சண்டை போட்ட பிறகு வந்த சந்தேகம்.

எக்ஸ்ரே எடுத்தேன். இடது தொடை எலும்பின் பந்து, இடுப்பின் கிண்ணத்தில் உட்காரவே இல்லை. பிறவியிலிருந்தே வெளியில், மேலே ஏறி நின்றுகொண்டிருந்தது. அப்படியே விட்டால் ஆயுள் முழுக்க நொண்டல், வளர்ந்த பிறகு தீராத வலி. சரியாக உள்ளே உட்கார வைத்தால் மற்றக் குழந்தைகள் போல ஓடும். தப்பாக உட்கார வைத்தால் அந்தப் பந்துக்குப் போகும் ரத்தம் நின்று, எலும்பு செத்து, முன்னைவிட மோசமாகிவிடும். இதில் இன்னொரு சங்கடம், முதல் ஆபரேஷனில் கிடைக்கிற வாய்ப்பு இரண்டாவதில் கிடைக்காது. இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன். சாதிக் போனைக்கூட எடுக்காமல் கேட்டார்.

கேட்டு முடித்ததும், "சரி டாக்டர், என்னைக்கு வச்சுக்கலாம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா சொன்னார்: "எழுவது வயசு எலும்பே உங்க கையில நிக்குது. எம்புள்ளைக்குப் பிஞ்சு எலும்பு. இன்னும் சீக்கிரமா நின்னுடும்ல?"

இந்தக் கேள்வியில் தப்பு கண்டுபிடித்துப் பாருங்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அன்றைக்கு எனக்கும் நியாயமாகத்தான் இருந்தது. இடுப்பு என்றால் இடுப்புதானே. ஊரே என்னை இடுப்பு டாக்டர் என்கிறது. குழந்தை இடுப்பும் எப்போதாவது ஒன்று செய்திருக்கிறேன், முடியாத காரியம் இல்லை. ஆஸ்பத்திரி மேனேஜர் வேறு, நம்ம ஆஸ்பத்திரிக்கு நல்ல பேர் சார் என்று காதைக் கடித்தார். அவருக்கு ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் நல்ல பேர்தான், ஜெனரேட்டர் வாங்கினால்கூட. ரெண்டு நாள் கழித்து வாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உள்ளுக்குள் தேதியே குறித்துவிட்டிருந்தேன்.

சாயங்காலம் ஒரு போன் போட்டேன். சிதம்பரத்தில் குழந்தைகளின் எலும்பை மட்டும் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பல வருஷம் முன்னால் என்னிடம் ஜூனியராக இருந்தவர். குழந்தை எலும்புதான் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, சின்ன எலும்புக்கு சின்னச் சம்பளம்தான் கொடுப்பார்களாம் என்று நான் கிண்டல் செய்தவன். இப்போது அவரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். கேட்டது சந்தேகம் இல்லை, பாராட்டு. நீங்களே செய்யலாமே சார் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்றுதான்.

எக்ஸ்ரே எப்படி இருக்கிறது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி புள்ளைங்களுக்கு நீங்க பண்ணீங்களே, அதுங்க இப்ப எப்படி நடக்குதுங்க?" என்றார்.

நன்றாகத்தான் நடக்கும் என்றேன்.

"பாத்தீங்களா?"

திரும்பி வரவே இல்லையேம்மா என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நம் ஊர் டாக்டர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பழக்கம்: திரும்பி வராத நோயாளி என்றால் குணமான நோயாளி. அவன் வேறு டாக்டரிடம் போயிருக்கலாம், துபாய்க்குப் போயிருக்கலாம், நம் முகத்தில் விழிக்கவே கூடாது என்று நினைத்திருக்கலாம். அதெல்லாம் நமக்கு வேண்டாம். வரவில்லையா, சுகம். உங்களில் யாராவது இப்போது தலையைக் குனிந்துகொண்டால் அது எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா, தான் ஆபரேஷன் செய்த பிள்ளைகளை வருஷா வருஷம் வரவழைத்து நடக்க வைத்துப் பார்ப்பதாகவும், பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் விடுவதில்லை என்றும் சொன்னார். வராதவர்களின் வீட்டுக்கு போன் போட்டு நச்சரிப்பாராம். ஆரம்பத்தில் செய்ததில் சிலது சரியாக வரவில்லை, திரும்பி வந்ததால்தான் எங்கே தப்பு என்று தெரிந்தது என்றும் சொன்னார். போனை வைத்ததும் என் மனைவி, யார், உன் ஜூனியரா, முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று கேட்டாள். கரண்ட் போகப்போகிறது என்று ஏதோ உளறினேன்.

ரெண்டு நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். சிதம்பரத்துக்குப் போங்கள் என்றேன். பரங்கிப்பேட்டைக்குச் சிதம்பரம் கடலூரைவிடப் பக்கம், அலைச்சலும் குறைவு என்று அதையும் ஒரு காரணமாகச் சொன்னேன். சாதிக்கின் முகம் சுருங்கிப் போய்விட்டது. டாக்டர்கள் பணத்துக்காகக் கையில் வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கையை விடுவார்கள் என்று தெரியாது. குழந்தைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, அதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறேன் என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார். உம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. வேறு கை தொட்டால் ராசி மாறிவிடும் என்பதில் அண்ணனும் தங்கையும் உறுதியாக இருந்தார்கள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஆபரேஷனை டாக்டரம்மா செய்வார். ஆனால் நானும் கூட நின்று, என் கையும் குழந்தை மேல் படவேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தாலும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாங்க சார், கால் பிடிக்க ஆள் வேணும் என்றார்.

துபாயிலிருந்து வாப்பா ஒரு நிபந்தனை போட்டார். குழந்தையின் எலும்பில் கத்தி படக்கூடாது. டாக்டரம்மா போனிலேயே அவருக்கு விளக்கினார்: பந்தை உள்ளே வைத்துப் பார்த்தால்தான் தெரியும், தேவைப்பட்டால் தொடை எலும்பை வெட்டித்தான் ஆகவேண்டும், வேண்டாம் என்றால் நான் ஆரம்பிக்கவே மாட்டேன். நல்லபடியாகச் செய்யுங்கள் என்று வாப்பா இறங்கி வந்தார். அப்படியும் சாதிக்குக்கு மனசு ஒப்பவில்லை. "வெட்டுறதா இருந்தா, எங்க டாக்டர் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும்" என்றார். அதற்கும் டாக்டரம்மா சரி என்றார்.

சிதம்பரத்து தியேட்டரில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த கவுன் முழங்காலோடு நின்றது. நர்ஸ் என்னைப் பார்த்து, அண்ணே கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார். மயக்க டாக்டர், நான் ஏதோ கம்பெனியிலிருந்து கருவி விற்க வந்த ஆள் என்று நினைத்து, புது மாடல் எப்ப வரும் என்று கேட்டார். கடலூரில் எனக்காக லிஃப்டை நிறுத்தி வைப்பார்கள். இங்கே நான் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் என் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும் எலும்பு.

டாக்டரம்மா நிதானமாக வேலை செய்தார். கிண்ணத்தை அடைத்துக்கொண்டிருந்த சதைகளையெல்லாம் விலக்கினார். பந்து உள்ளே போனது. எக்ஸ்ரே மிஷினில் பார்த்தோம். கிண்ணத்தின் நட்டநடுவில் அழகாக உட்கார்ந்திருந்தது. காலை அசைத்துப் பார்த்தேன், சிக்கென்று பிடித்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். முதியவர்களுக்குச் செயற்கை மூட்டு வைக்கும்போது அந்த இறுக்கம் கிடைத்தால், இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று அர்த்தம். அருமையா உக்காந்துடுச்சும்மா, மூடிடலாம் என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அவர் மூடவில்லை. அந்தப் படத்தையும் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"சார், பந்தைக் கிண்ணத்துலேர்ந்து ஒரு துளி வெளிய இழுத்துப் பாருங்க" என்றார்.

இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அசையவே இல்லை.

"பெரியவங்களுக்கு இது நல்லது. இவளுக்கு இது ஆகாது. ரெண்டு வருஷமா மேல ஏறி நின்ன காலு, தசையெல்லாம் சுருங்கிக் கெடக்கு. இப்ப புடிச்சு அமுக்கி வச்சிருக்கோம். இந்த அமுக்கத்துல பந்துக்கு ரத்தம் போவாது. இன்னைக்குப் படம் நல்லா இருக்கும் சார். ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா பந்தே இருக்காது."

தொடை எலும்பை நடுவில் வெட்டி, ஒரு துண்டு எடுத்துவிட்டு, திரும்பச் சேர்த்துப் பொருத்தினால்தான் அந்த இறுக்கம் விடும். நல்ல எலும்பு. உடையாத எலும்பு. உடைந்ததை ஒட்டுவதே என் பிழைப்பு, உடையாததை உடைப்பதா? மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, வெளியே போய்ச் சொல்லவேண்டிய ஆள் நான்.

நன்றாகக் கேளுங்கள், இந்த இடத்தை எந்தப் புத்தகத்திலும் போடமாட்டார்கள். குழந்தை உள்ளே திறந்து கிடக்கிறது. வெளியே வராந்தாவில் உம்மா தஸ்பீஹ் ஜபமணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாதிக் முதல் தடவையாக இரண்டு போனையும் அணைத்து வைத்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். எலும்பை வெட்டவேண்டும் என்றேன். ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொன்னேன். உம்மா நான் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை.

"நீங்களா இருந்தா வெட்டுவீங்களா டாக்டர்?" என்றார்.

வெட்டுவேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். என் கைராசியை அந்த எலும்பின் மேல் வைத்து ஓர் அமுக்கு அமுக்கியிருந்தால், சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார். ஆனால் அவர் கேட்டது உண்மையை.

"நான் வெட்டியிருக்க மாட்டேன்மா" என்றேன். "நல்லா உக்காந்துடுச்சுன்னு மூடியிருப்பேன். வெட்டணும்ங்கறதே எனக்குத் தோணியிருக்காது. அது தெரிஞ்சவங்க அவுங்கதான். அதுக்குத்தான உங்களை இங்க கூட்டியாந்தேன்?"

சாதிக்கின் வாய் திறந்தபடி நின்றது. கைராசி டாக்டர் தன் வாயாலேயே எனக்குத் தெரியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, சொல்லப்போனால். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன், உண்மையாகவே பயந்தேன்.

"அப்ப அவுங்களையே வெட்டச் சொல்லுங்க" என்றார் உம்மா. மறுபடி உட்கார்ந்து மணியை உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே வந்து சொன்னேன். வெட்டினார். துண்டை எடுத்தார், தகடு வைத்துப் பொருத்தினார், பந்தைத் திரும்ப உள்ளே வைத்தார். இப்போது இழுத்துப் பாருங்க என்றார். இழுத்தேன். மெல்ல வந்தது, விட்டதும் தானாகவே போய் உட்கார்ந்தது. அந்த அசைவு இன்னும் என் கையில் இருக்கிறது. அத்தனை வருஷ அனுபவத்தில் என் கை அதைத் தேடியதே இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு நோயாளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நெஞ்சிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு, இரண்டு காலும் அகட்டி வைத்தபடி. அந்தக் கோலத்தில் நஸ்ரினை ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் இரண்டு பேர் இடம் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஆட்டோக்காரரோடு தகராறு. வெயில் காலம் வேறு, கட்டுக்குள் அரிக்கிறது என்று குழந்தை கத்துவாள். நடுவில் வாப்பா லீவில் வந்தார். லீவு முடிவதற்குள் மகள் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. டாக்டரம்மாவிடம் கேட்டால் முடியாது என்று தெரியும். எனவே எல்லோரும் கிளம்பி எங்கே வந்தார்கள்? கடலூருக்கு, கைராசியிடம்.

கட்டைக் கொஞ்சம் முன்னாலேயே பிரித்துவிடுங்கள், நீங்கள் தொட்டால் ஒன்றும் ஆகாது என்றார் சாதிக். வாப்பா மகளின் கட்டுப் போட்ட காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கட்டு வெட்டுகிற மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாரோ ஒருவரின் கைக்கட்டை அதே மிஷின் கர்ரென்று வெட்டிக்கொண்டிருந்தது. சாதிக் அந்தச் சுவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். வாப்பா மகள் நடப்பதைப் பார்க்காமலே துபாய்க்குத் திரும்பினார். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் மறுபடி அதே நிலைமை வந்தால், மறுபடியும் மிஷின் ரிப்பேர்தான்.

அப்புறம் கட்டுப் பிரித்து, தகடும் எடுத்து, நஸ்ரின் நடக்க ஆரம்பித்தாள். சாதிக் ஊர் முழுக்க என்ன சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று நினைக்கிறீர்கள்? கடலூர் டாக்டர் கை வைத்தார், புள்ளை நடந்துவிட்டது. அடுத்தடுத்து அந்தப் பக்கத்துக் குழந்தைகளெல்லாம் இடுப்பைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தன. எல்லோரையும் சிதம்பரம் பஸ் ஏற்றி விட்டேன். எங்களுக்கு ஏஜெண்ட் ஆயிட்டீங்க சார் என்று டாக்டரம்மா போனில் கிண்டல் செய்தார். சின்ன எலும்புக்கு சின்னக் கமிஷன்தான் தருவேன் என்றும் சொன்னார். பழசை மறக்கவே மாட்டார்கள் இந்த ஜூனியர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், சாதிக் திரும்ப வந்தார். அவருடைய மாமியார் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் நரைத்து, போன் ஒன்றாகக் குறைந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன். கைராசியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வயசானவங்க இடுப்பு நீங்க ஜாஸ்தி பண்ணுவீங்கன்னு தெரியும். பண்ணிக்கிட்டவுங்க எல்லாம் இப்ப எப்படி நடக்குறாங்க? பாத்தீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது யார் கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் சிதம்பரத்துக்கு வரவழைத்து வரவழைத்து, டாக்டரம்மா அந்த மனிதரையும் கெடுத்துவிட்டிருந்தார். நல்ல வேளையாக அதற்குள் நானும் என் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கப் பழகியிருந்தேன். நல்லா நடக்கிறவர்களையும் சொன்னேன், தடியோடு நடக்கிறவர்களையும் சொன்னேன், நடக்க முடியாமலே போனவர்களையும் சொன்னேன். சாதிக் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்ப பண்ணிடுங்க என்றார்.

அவரோடு தங்கையும் வந்திருந்தார், கூடவே ஒரு பெண். இரட்டைப் பின்னல், நீலச் சுடிதார். வராந்தாவில் ஆஸ்பத்திரிப் பூனையைத் துரத்திக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். நஸ்ரின்தான்.

அப்போது என்னிடம் ஒரு ஜூனியர் இருந்தார். படிப்பில் மெடல் வாங்கியவர். இப்போது பெரிய டாக்டராகி உங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லமாட்டேன், சட்டைக் காலரைச் சரி செய்துகொள்ளவேண்டாம். அவரைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஒரு பக்க இடுப்பில் பெரிய ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்லு பார்க்கலாம் என்றேன். அவளை நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். இந்தக் காலில் நின்றாள், அந்தக் காலில் நின்றாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வலது பக்கம் சார் என்றார்.

உம்மா சிரித்துவிட்டார். நான் நஸ்ரினைப் பக்கத்தில் கூப்பிட்டு, இந்த அண்ணனுக்கு நீயே சொல்லும்மா, எந்தக் காலு என்று கேட்டேன்.

அவள் குனிந்து இரண்டு காலையும் பார்த்தாள். சுடிதாருக்கு மேலேயே வலது பக்கம் இடுப்பைத் தடவினாள். அங்கே ஒன்றும் இல்லை. இடது பக்கம் தடவினாள். தழும்பு விரலில் பட்டிருக்கவேண்டும்.

"இது" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் தேடி ஓடினாள்.